உப்புத் தண்ணிச் சிவப்பு

அடிபம்புக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள்.
குடிக்காதே என்று அர்த்தம்.
பெயிண்ட் காயுமுன்பே தீர்த்தகிரி
ஒரு குடம் அடித்துக் கொண்டுவந்தான்.
உள்ளங்கையில் ஒட்டியதைக் காட்டி
"இதெல்லாம் ஒரு சிவப்பா" என்றான்.

ராயக்கோட்டைக்கு என்னைப் பெண்பார்க்க வந்த அன்று
முழு நேரமும் வாயை மூடியே சிரித்தான்.
கர்வக்காரன் என்றாள் என் அக்கா.
தாலி ஏறிய பிறகுதான் பார்த்தேன்:
பல்லெல்லாம் பழுப்புக் கோடு,
கடுக்காய்த் தண்ணியில் முக்கி
மறந்துபோன துணி மாதிரி.
அவன் தம்பிக்கும் அதே. தம்பி பெண்டாட்டிக்கும்.
பாப்பாரப்பட்டி பஸ்ஸில் யார் கொட்டாவி விட்டாலும்
எந்த ஊர் என்று கேட்க வேண்டியதில்லை.

இந்த வீட்டில் ஆளுக்கொரு நிறம்.
கொழுந்தன் மாதேசுக்கு நீலம்.
அவுரித் தொட்டியைக் காலையில் மோந்து பார்த்துவிட்டுத்தான்
டீ குடிப்பான்.
அவன் நகம் எந்தக் கல்யாண போட்டோவிலும்
வெளுத்ததில்லை.
எனக்கு மஞ்சள்.
கிலோ மூன்று ரூபாய்க்கும் போகாமல்
சந்தை ரோட்டில் கொட்டிக்கிடந்த செண்டுமல்லியை
மூட்டை கட்டி
பஸ்ஸின் கடைசி சீட்டுக்கடியில் தள்ளிக் கொண்டுவந்தேன்.
சீதனம் என்று கேலி செய்தார்கள்.
அந்த வருஷம் தீபாவளி ஆர்டர் முழுக்க மஞ்சள்.
சிவப்பு தீர்த்தகிரிக்கு.
மஞ்சிட்டி வேரை இடிப்பதும்
கொதி வராமல் அடுப்பை அடக்குவதும்
அவன் மட்டும்.

பிறகு குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வந்தது.
கனிஷ்கா என் வயிற்றில்.
இனி அடிபம்பிலிருந்து ஒரு சொட்டு
இந்த வாசலைத் தாண்டக்கூடாது என்றேன்.
சோற்றுக்கும் இல்லை, சாயத்துக்கும் இல்லை.
அவன் ஒன்றும் பேசவில்லை.
ஆற்றுத் தண்ணீரில் வேரைப் போட்டான்.

வந்தது ஒரு சிவப்பு,
காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவன் மாதிரி.
படிகாரத்தைக் கூட்டினான். கடுக்காயைக் குறைத்தான்.
வேர் பழசு என்று
தர்மபுரி நாட்டுமருந்துக் கடையில் சண்டை போட்டான்.
"போன தடவை மாதிரி இல்லையே" என்றாள்
பெங்களூர் அம்மா போனில்.
இருபத்திரண்டு சேலை திரும்பி வந்தது.

ஒரு ராத்திரி பம்புச் சத்தம் கேட்டு எழுந்தேன்.
கிறீச் என்று கத்தாமலிருக்கக்
கைப்பிடியில் துணி சுற்றி
திருடன் போல அடித்துக்கொண்டிருந்தான்.
நான் விளக்கைப் போடவில்லை.
இரண்டு நாள் கழித்துக் கொடியில் ஒரே ஒரு துணி.
அதன் கீழே மேய்ந்த சேவலின் கொண்டை
மங்கலாகத் தெரிந்தது.

எந்த உப்பு என்று எனக்குத் தெரியாது.
பானையடியில் வெள்ளையாய்ப் படிவதா,
ஆபீசர் புளோரைடு என்று எழுதிக்கொண்டு போனதா,
என் மாமனாரின் முட்டியைக்
கடைசிவரை மடங்கவிடாமல் செய்ததா.
எல்லாம் ஒரே குடத்தில்தான் இருந்தது.

இப்போது இரண்டு குடம்.
பச்சைப் பிளாஸ்டிக் குடிக்க.
கழுத்தில் சணல் கட்டிய அலுமினியம் சாயத்துக்கு.
மாற்றி மொண்டால் நான் போடும் கூச்சலில்
மூன்றாம் வீடுவரை விழித்துக்கொள்ளும்.

போன செவ்வாய் கனிஷ்காவுக்கு முதல் பல் விழுந்தது.
சீரகச் சம்பா அரிசி போல, ஒரு கோடில்லாமல்.
சாணியில் உருட்டிக் கூரைமேல் எறியலாம் என்று
நான் சாணி எடுத்து வருவதற்குள்
சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டாள்.
"பல்லுல சாயம் ஏறுமான்னு பாக்கறேன்."

யாரும் பதில் சொல்லவில்லை.
மாதேசு அடுப்பைப் பார்த்தான்.

சேலைகளை ஒவ்வொன்றாய்த் தூக்கி உதறினோம்.
வேர்ச் சக்கையைச் சல்லடையில் தேடினோம்.
கிடைக்கவில்லை.
மறுநாள் பார்சல் போய்விட்டது.
பெங்களூரில் எவளோ மடிப்பைப் பிரிக்கும்போது
காலடியில் விழுமோ என்னவோ,
என்ன நிறத்தில் என்று
நமக்கு யார் சொல்லப்போகிறார்கள்
என்றேன்.

தீர்த்தகிரி சிரித்தான்.
இரண்டு கையிலும் ஈரச் சேலை.
வாயை மூட முடியவில்லை.